விற்பனை மேலாண்மை படித்த வேல்விழி அம்மையாருக்கு, விடைபெறும் நாளில்

சொல்லில் இனியவரே! சோர்வறியாச் செயலினரே! கோவில்பட்டிச் சீமையில் பிறந்து, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்குத் தம் முப்பத்து நான்கு ஆண்டுகளைத் தந்த எங்கள் விற்பனைப் பிரிவு உதவியாளர் வேல்விழி அம்மையீர்! வணக்கம்.

பனியன்களைப் பிரித்துக் குறை தேடும் மேசையில் தொடங்கிய தாங்கள், நாற்பத்தைந்தாம் வயதில், அஞ்சல்வழியே விற்பனை மேலாண்மைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தீர்கள். அவிநாசிபாளையத்திலிருந்து முதலிபாளையம் வரும் பேருந்தே தங்கள் வகுப்பறை. புள்ளியியல் தாளில் இருமுறை தோற்றும் துவளாது, மூன்றாம் முறை வென்றீர்கள். உணவு இடைவேளையில் வெட்டுப் பிரிவுத் தனபாலை வாடிக்கையாளராக உட்கார வைத்து, "அண்ணே, நீங்க வேணாம்னே சொல்லிக்கிட்டு இருங்க. நான் எப்படியும் வாங்க வைக்கேன்" என்று பேசிப் பழகினீர்கள். நாங்கள் சுற்றி நின்று சிரித்தோம்.

படிப்பு முடிந்த ஆண்டே மேலாளர் பதவி காலியானது. முதலாளி நாச்சிமுத்து அவர்கள் எங்களை அழைத்து, "ஏனுங்க, அந்தம்மா மேனேஜரா வந்தா நீங்கெல்லாம் சொன்னபடி கேப்பீங்களா?" என்று வினவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனபால் மட்டும், "நீங்களே பாத்துச் செய்யுங்க" என்றார். கோவையிலிருந்து வேறொருவர் வந்தார். அன்று மாலை தாங்கள் பாடநூல்களைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றதை எல்லோரும் பார்த்தோம்.

அதன் பின்னும் பத்து ஆண்டுகள்! பண்பு குன்றாது, பணி குறையாது உழைத்தீர்கள். சரக்கு வேண்டாமென்று சினந்த வியாபாரிகள் தங்கள் குரல் கேட்டே தணிந்தார்கள். பாராட்டு மேலாளர் அறைக்குப் போயிற்று.

சென்ற வாரம் அப்பதவி மீண்டும் காலியானது. இம்முறை அழைக்காமலே சென்று தங்கள் பெயரைச் சொன்னோம். "இப்ப வந்து சொல்றீங்களே! அவங்களுக்கு வயசு முடிஞ்சு போச்சுங்களே" என்றார் முதலாளி.

அதைக் கேள்வியுற்ற தாங்கள் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "சொன்னீகளே, அது போதும்" என்று கூறி, மாதிரித் துணிகளை மடிக்கத் தொடங்கினீர்கள்.

போதாது, அம்மையீர். அதை நாங்கள் அறிவோம்.

நோயற்ற உடலும் நோகாத உள்ளமும் வாய்த்து, நெடுங்காலம் தாங்கள் நிம்மதியாய் வாழ வேண்டுகிறோம்.

தலைகுனிந்து,
தங்களுடன் பணியாற்றியோர்,
முதலிபாளையம்.