மலைமேல ஒரு சக்களத்தி

— பிரசவம் பாக்கப் போனியா, கோட்டை பாக்கப் போனியா? அத மொதல்ல சொல்லு காசி.

— நல்லா இருக்குங்க கேள்வி! மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டு, பேரனக் குளிப்பாட்டித் தூங்க வச்சு, மிச்சம் கெடச்ச நேரத்துலதான் கோட்டை. நேத்து வந்து எறங்குனதுமே போட்டோவெல்லாம் காட்டுறேன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டீங்க. இப்ப நா மீன் ஆயுற நேரமாப் பாத்து விசாரணைக்கு வந்துட்டீங்க.

— விசாரணை இல்ல, கேட்டியா. விவரம் கேக்குறேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல காலம்பூரா பொறப்பு எறப்புப் பதிஞ்சவன் நான். எதுத்தாப்புல நிக்கிறவன் நெசம் சொல்றானா புளுகுறானான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்.

— அப்ப என் மூஞ்சியப் பாருங்க. எதுக்குச் செவுத்தப் பாக்குறீங்க?

— மொதல் கோட்டைக்கு ஒன்ன அழைச்சிட்டுப் போனது யாரு?

— சம்பந்திதான். மாப்பிள்ளைக்கு லீவு இல்ல. "அத்தை வந்ததுலேருந்து வூட்டுக்குள்ளயே கெடக்குறாங்கப்பா, எங்கயாச்சும் காத்தாட அழைச்சிட்டுப் போங்க"ன்னு அவுங்க அப்பாகிட்ட சொன்னாரு.

— ரெண்டாவது கோட்டைக்கு?

— சம்பந்திதான்.

— மூணாவதுக்கும் சிவசுப்பிரமணியன்தான்.

— பேரு சொல்லிப் பேசாதீங்க. பொண்ணு குடுத்த எடம்.

— பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடியே அவன எனக்குத் தெரியும்டி. ஒரே பெஞ்சுல ஒக்காந்து படிச்சவன். சரித்திரப் பாடத்துல எம்பேப்பரப் பாத்து எழுதிப் பாஸ் பண்ணவன். அவங்கப்பா பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதனால அந்த நாட்டுக்கே பிளேன் ஏறிட்டான். எங்கப்பா இந்த மண்ணே போதும்னுட்டாரு, அதனால நா ஆபீசுக்குக் கோட்டுச்சேரி பஸ்ஸு ஏறுனேன். இப்ப அவன் ஒனக்குக் கோட்டை காட்டுறானாக்கும்? மவ இருக்குற ஆல்சாஸ் பக்கத்துக் கோட்டையப் பத்தி அவனுக்கு என்னா தெரியும்? இங்கேருந்தே நாஞ் சொல்லுவேன், எந்தக் கோட்டைய எவன் கட்டுனான், எவன் இடிச்சான்னு.

— அதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. தாலி கட்டுன நாள்லேருந்து.

— சொன்னேன். கேட்டியா நீ? கொட்டாவி விட்ட. இப்ப அவன் சொன்னா மட்டும் காது கேக்குது.

— அட போங்க! இந்த வயசுல இது என்னங்க கூத்து? ஒங்களுக்கு ஒன்னு வாங்கியாந்தேன். அந்தப் பைய எடுங்க. சாக்லேட்டுக்குக் கீழ.

— என்ன இது?

— கோட்டை. குட்டியா. பின்னால காந்தம் இருக்கு. பிரிட்ஜுல ஒட்டிக்கலாம்.

— நல்லாருக்கு. நா ஆயுசு பூரா நெனச்சுக்கிட்டுக் கெடந்தத நீ பிரிட்ஜுல ஒட்டக் கொண்டாந்திருக்க. இதையும் அவந்தான் எடுத்துக் குடுத்தானா?

— கடையில நானே பொறுக்கி எடுத்தேன். அந்தக் கல்லு நெறத்துக்காக. பாருங்க, செவப்பு. மொதல்ல செங்கல்லுன்னு நெனச்சேன். கிட்டப் போயித் தொட்டுப் பாத்தா, கல்லே அந்த நெறந்தான். மழையில நனைஞ்சா அப்புடியே கெழங்கான் மீன் செவுளு மாதிரி ஆயிடுது.

— அது மணல்கல்லு.

— இருக்கட்டும். மலை பூரா காடுங்க. நம்ம சவுக்குத் தோப்பு மாதிரி நெட்ட நெட்டயா மரம், ஆனா அண்ணாந்தா கழுத்து புடிச்சுக்கும். அதுக்குள்ள ரோடு வளைஞ்சு வளைஞ்சு போவுது. கீழ ஒரு ஊரு. ஊரச் சுத்தி மதிலு. உள்ள போவ ஒரே வாசல். வாசலுக்கு மேல ஒரு கோபுரம், அதும் மேல என்ன இருந்துச்சு சொல்லுங்க?

— காவல் மாடம்.

— நாரை! கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு ஒக்காந்திருக்கு. நம்ம வயல்ல நத்தை பொறுக்குமே, அதோட அக்கா தங்கச்சி மாதிரி. அலகு மட்டும் நல்ல செவப்பு. ஊருக்குள்ள போற ஜனமெல்லாம் அண்ணாந்து பாத்துட்டுத்தான் போவுது.

— மதில்ல அம்பு விடுற தொளை இருந்துச்சா? உள்பக்கம் அகலம், வெளிப்பக்கம் குறுகலா?

— இருந்துச்சு. அது வழியா எட்டிப் பாத்தேன். எதுத்த மலை தெரிஞ்சுது, அங்க ஒரு கோட்டை. அதுக்கு அந்தாண்ட ஒன்னு. தெருவுக்குத் தெரு புள்ளையார் கோயிலு மாதிரி மலைக்கு மலை கோட்டை.

— ...அந்தப் போன இப்புடிக் குடு.

— அதான பாத்தேன். எம்புட்டு நேரந்தான் பிடிவாதமா இருப்பீங்க? இந்தாங்க. கையெல்லாம் மீனு, நீங்களே தள்ளித் தள்ளிப் பாருங்க.

— இது யாரு?

— நாந்தான். மூணாவது கோட்டை, ஒச்சியில.

— அது தெரியுது. தலையில என்ன?

— தொப்பி. காத்து ஆளையே தூக்கிட்டுப் போவுது அங்க.

— யாரு தொப்பி?

— சம்பந்தியோடது.

— ஓஹோ.

— என்ன ஓஹோ?

— ஒன்னுமில்ல. கல்யாணமான புதுசுல செஞ்சிக்குப் போனோமே, வெயிலு தாங்கலன்னு என் துண்ட எடுத்து ஒந்தலையில போட்டேன். வேர்வை நாத்தம்னு திருப்பிக் குடுத்துட்ட.

— நாத்தந்தானே அது.

— அவன் தொப்பி மணக்குதாக்கும். அது போவட்டும். செஞ்சியில ஒரு படி ஏறுனியா நீ? காலு வலிக்குதுன்னு புளியமரத்தடியில ஒக்காந்துட்ட. சிவசுப்பிரமணியன் கூப்புட்டா மட்டும் மலை ஏற காலு வருதா ஒனக்கு?

— காலு வலிக்குதுன்னு நாஞ் சொல்லவே இல்ல. செருப்பு அறுந்துபோச்சுங்கன்னேன். ஒங்க காதுல விழுந்தாத்தானே? "வா காசி, மேல பீரங்கி இருக்கு, வா காசி, மேல பீரங்கி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே போயிட்டீங்க. ஒருவாட்டி திரும்பிப் பாத்தீங்களா?

— பாத்தேனே.

— எப்ப?

— ...எறங்கி வரும்போது.

— அதான். பொழுது சாஞ்சு வந்து சேந்தீங்க. புதுப்பொண்டாட்டி மரத்தடியில கொரங்குக்குப் பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன், நீங்க மலையேறி அவளப் பாக்கப் போயிட்டீங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு, நா ரெண்டாந்தாரம்னு. மூத்தவ மலைமேல குடியிருக்கா.

— எவ?

— கோட்டைதான். வேற எவ? தரங்கம்பாடியில ஒருத்தி, திருமயத்துல ஒருத்தி, வேலூருல ஒருத்தி. ஊருக்கு ஊரு எனக்குச் சக்களத்தி.

— சிரிச்சுப் பேச்ச மாத்தாத. இந்தப் போட்டோவ எடுத்தது யாரு? அவனா?

— அவரு எப்புடிங்க எடுப்பாரு? அவரு காருல இருக்காரு.

— காருலயா?

— முட்டி ரெண்டுலயும் ஆபரேசன் பண்ணிக்கெடக்கு அவருக்கு. படின்னாலே பயம். மலையடிவாரத்துல காரப் போட்டுட்டு, சீட்டச் சாச்சு, தூங்கிடுவாரு. "நீங்க போயிட்டு வாங்க தங்கச்சி, இந்தக் கல்லுல என்னாதான் இருக்குதோ, எனக்கு ஒன்னும் புரியறதில்ல"ன்னாரு. போட்டோ எடுத்தது ஒரு சீனாக்காரப் பொண்ணு.

— மூணு கோட்டைக்கும் அப்புடித்தானா?

— மூணுக்கும்.

— தங்கச்சின்னா கூப்புடுறான்?

— பின்ன எப்புடிக் கூப்புடுவாரு?

— ம்... பாவம், முட்டி வேறயா. சின்ன வயசுல கபடி நல்லா ஆடுவான். ஒரு போன் பண்ணி விசாரிக்கணும். நல்ல மனுஷன்.

— ஆமாமா. இப்ப நல்ல மனுஷன் ஆயிட்டாரு.

— அப்ப நீ மட்டும் தனியாவா ஏறுன? பாஷை தெரியாத ஊருல?

— மலை ஏற எதுக்குங்க பாஷை? மாப்பிள்ளை வாங்கிக் குடுத்த பூட்ஸு, பொடவைய ஏத்திச் சொருவிக்கிட்டு, மெதுவா ஏறுனேன். மூச்சு வாங்குனா நின்னேன். அவசரப்படுத்த ஆளில்ல. மேல போனா ஒரே அமைதி. காத்து மட்டுந்தான். எதப் பாக்கணும், எதப் பாக்கக் கூடாதுன்னு யாருஞ் சொல்லல. நா பாட்டுக்குப் பாத்துக்கிட்டே போனேன்.

— என்னத்தப் பாத்த? பீரங்கி மேடையா? ராஜா மண்டபமா?

— அடுப்படி.

— அடுப்படியா?

— ஒரு ஆளு நிக்கலாங்க அடுப்புக்குள்ள, அம்மாம் பெருசு. அதுக்குப் பக்கத்துல கல்லுலயே வெட்டுன தொட்டி. தொட்டியிலேருந்து செவுத்துல ஒரு ஓட்டை, கழுநீரு வெளிய போவ. வெளியில சுத்தி வந்து பாத்தேன். அந்தத் தண்ணி எறங்கி எறங்கி மதில்ல தடம் விழுந்திருக்கு. கல்லே தேஞ்சிருக்கு. எத்தினி பொம்பளைங்க நின்னு எத்தினி சட்டி கழுவியிருந்தா கல்லு தேயும்? ஒங்க புத்தகத்துல ராஜா சண்டை போடுறான், சாவுறான். ஒருத்தியும் சட்டி கழுவலையே?

— ...இல்ல. அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

— அந்தத் தடத்தத் தொட்டுக்கிட்டே நின்னேன் கொஞ்ச நேரம். அழுவையா வந்துச்சு. என்னமோ, சொல்லத் தெரியல.

— நா இருந்திருக்கணும் காசி. நா கூட இருந்திருந்தா அந்தத் தொட்டி எந்தக் காலம், தண்ணிய எங்கேருந்து ஏத்துனான், எல்லாத்தையும் ஒனக்கு ஒவ்வொரு கல்லா...

— ஆமா. சொல்லியிருப்பீங்க.

— எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. ஒன்ன நெனச்சு வயிறு எரியுது. சொல்லிட்டேன், போ. பாஸ்போட்டு எடுத்து வச்சுக்கிட்டு, அப்பா நீயும் வான்னு மவ ஒருவார்த்தை சொல்ல மாட்டாளான்னு காத்துக் கெடந்தேன். பிரசவத்துக்கு ஆம்பளை எதுக்குன்னு அவ ஒதுக்கிட்டதா நீதான சொன்ன. சரி, ஒலக வழக்கம் அது. ஆனா நம்ம ஊருலயும் ஒரு கோட்டை இருந்துச்சு, வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிட்டான், ஒரு கல்லு மிச்சமில்லன்னு சின்னப்புள்ளையிலேருந்து அவகிட்ட சொல்லிச் சொல்லி வளத்தவன் நான். அவளுக்காச்சும் தெரிய வேணாமா எம்மனசு?

— அவள ஒன்னுஞ் சொல்லாதீங்க.

— சொல்லல. போனப் போட்டா போதும், "மூச்சு வாங்குதாப்பா, மாடிப்படி ஏறாதீங்கப்பா"ங்குறா. எனக்கு என்னாத்துக்கு மூச்சு வாங்குது? கடற்கரைக்கு நடந்து போயி நடந்து வர்றேன் தெனமும். சிவசுப்பிரமணியந்தான் என்னமோ வத்தி வச்சிருக்கணும்னு நெனச்சேன். இப்ப அவனும் இல்லங்குற.

— பாசத்துல கேக்குறா. வுடுங்க.

— நீ மட்டும் என்னவாம்? வந்து எறங்கி, பெட்டியக்கூட தொறக்காம திருநள்ளாறு போயி எம்பேருக்கு அர்ச்சனை. எள்ளு வெளக்கு. போறதுக்கு மொத நாளும் இதே மாதிரி பண்ண. எனக்குச் சனி புடிச்சிருக்கா, இல்ல நீங்க ரெண்டு பேருஞ் சேந்து எதையாவது மறைக்கிறீங்களா?

— சும்மா ஒரு வேண்டுதலு. போன் அடிக்குது பாருங்க. மதிதான். குடுங்க, நா பேசுறேன்.

— மீன்கையோடயா? இரு, நா பேசுறேன். ஹலோ, மதி! எங்க என் பேரன்? ஆதவா! டேய்!

— தூங்குறாம்ப்பா. கத்தாதீங்க. அம்மா எங்க?

— மீன் ஆஞ்சுக்கிட்டு இருக்கா. இங்கயே மொறைக்கிறா, போனக் குடுன்னு.

— குடுக்காதீங்க. ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். அம்மா திரும்பி வர்ற வரைக்கும் டாக்டர் சொன்னதப் பத்திக் கேக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்பதான் வந்துட்டாங்களே. டாக்டர மறுபடி போயிப் பாத்தீங்களாப்பா?

— எந்த டாக்டர?

— மறைக்காதீங்கப்பா. ஒங்களுக்கு மூச்சுத் திணறல், பிளேன்லயே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு அம்மா போன்ல அழுதாங்க. ஒங்களுக்குப் போட்ட டிக்கெட்ட நானேதாம்ப்பா கேன்சல் பண்ணேன். அந்த மூணு கோட்டையும் ஒங்களுக்காகத்தான் பாத்து வச்சிருந்தேன். மாமாகிட்ட காருக்கு முன்னாடியே சொல்லி வச்சு... சரி விடுங்க. ஒடம்பு சரியானா அடுத்த வருஷம் வரலாம்.

— எனக்கு... டிக்கெட்டு போட்டிருந்தியா?

— ரெண்டு பேருக்கும் சேத்துத்தானப்பா போட்டேன். அம்மா சொல்லலையா? அப்பா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். இருக்கேம்மா.

— கொரல் ஏன் ஒருமாதிரி இருக்கு? மூச்சு வாங்குதா?

— ஆமாம்மா. கொஞ்சம் வாங்குது. டாக்டர் அப்புடித்தான் சொன்னாரு. அம்மா ஒங்கிட்ட சொன்னது அத்தனையும் நெசந்தான். நீ புள்ளையப் பாரு. நா அப்புறம் பேசுறேன்.

— வச்சிட்டாளா?

— வச்சிட்டா. அந்த மீன அப்புடி வச்சிட்டு எம்மூஞ்சியப் பாரு காசி.

— நா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேங்க. போறப்பவும் கேட்டேன், வந்தும் கேட்டேன். ஒங்க ஒடம்பப் பத்திப் பொய் சொன்ன வாயி இது, ஒங்களுக்கு ஒன்னும் ஆயிடக் கூடாதுன்னு.

— சாமி கேக்கல. நாங் கேக்குறேன். ஏன்டி?

— நீங்க வந்திருந்தா இந்தவாட்டியும் நா அடிவாரத்துலதாங்க நின்னுருப்பேன். ஒங்கள எங்கூட பங்கு போட்டுக்கிட்டவ அந்த மலைமேல இருக்குறவ. நீங்க நடுவுல இல்லாம, ஒரே ஒருவாட்டி அவ மூஞ்சிய நா நேருக்கு நேரா பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன். அழகாத்தாங்க இருக்கா.