விடுபட்ட இரண்டு எழுத்து

உங்கள் அலுவலகத்துக் காபியைக் குறை சொல்ல நான் வரவில்லை, சுஜா மேடம். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நாக்கு கொஞ்சம் கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். டம்ளரை ஓரமாக வைத்துவிடுகிறேன். நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ஏழாம் பக்கம். டாக்டர் சாம்பசிவனுக்கு, அதாவது எனக்கு, மலையாளம் தாய்மொழி அல்லாததால் நேர்ந்த பேச்சுப் பிழையே ஆராய்ச்சி மாணவி ஜிஷாவின் மரணத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் தஞ்சாவூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடத்தில் மலையாளக் கட்டுரைப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவன் நான். ஆறுதல் பரிசு வாங்கியவர்கள் பிற்பாடு போலீஸில் சேர்ந்திருக்கலாம். அறிக்கையின் நடையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பறவை. உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

மலை உச்சிச் சோலைகளில் சிரிப்பான் என்று ஒரு பறவை உண்டு. கூட்டமாகக் கத்தும்போது யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும், அதனால் அந்தப் பேர். பொன்முடிப் பக்கத்து மலைகளுக்கும் வடக்கே உள்ள மலைகளுக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. அங்கே தாழ்வு, சூடு. குளிருக்குப் பழகிய பறவை அதைத் தாண்டாது. பல லட்சம் வருஷம் இப்படித் தாண்டாமலே இருந்தால் இந்தப் பக்கம் ஒரு இனம், அந்தப் பக்கம் ஒரு இனம் என்று பிரிந்துவிடும். தென்பக்கத்துச் சிரிப்பான் தனி இனம் என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் உலகத்துக்குச் சொன்னவன் நான். பத்தொன்பது பறவைகளின் ரத்தத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். பாடப் புத்தகத்தில் ஏறியது. வெளிநாட்டு மாநாடுகளில் என்னைப் பார்த்து எழுந்து நின்றவர்கள் உண்மையில் அந்தப் பறவைக்குத்தான் எழுந்து நின்றார்கள்.

ஜிஷா ஆலப்புழைக்காரி. என்னிடம் நான்கு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். சுறுசுறுப்பு உண்டு, தன்னடக்கம் போதாது. இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகளைப் பிடித்து, இறகுக்கு அடியில் ஊசி குத்தி ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாக வாசித்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் என் அறைக்கு வந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது ரெண்டல்ல சாரே, ஒண்ணாணு" என்றாள்.

பறவைகள் கணவாயைத் தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றனவாம். தெற்கே பிடித்தவற்றில் ஒன்பதுக்குத் தாயோ தகப்பனோ வடக்கத்தியதாம். தனி இனம் என்று ஒன்று கிடையாதாம். கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவள் அதைத் துக்கச் செய்தியாகச் சொல்லவில்லை. "சாரினும் சந்தோஷமாயில்லே? சரியாய உத்தரம் கிட்டியல்லோ" என்றாள். சரியான விடை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தானே என்று கேட்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பேருக்குப் பக்கத்தில் என் பேரையும் போட்டிருந்தாள். என் சிதைக்கு நானே கொள்ளி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது. விவரம் தெரியாதவர்கள்மேல் நான் கோபப்படுவதில்லை.

இன்னும் ஆறு பறவை கிடைத்தால் நவம்பரில் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றாள். அதற்காகத்தான் அக்டோபரில் பொன்முடி போனோம். துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழைக் காலம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டித் தீர்க்கும். அடிவாரத்து வித்துராவில் டீக்கடை வைத்திருப்பவனுக்குக்கூடத் தெரியும்.

சிரிப்பான் அங்கே ஒரு ஓடையின் வழியே தாழப் பறக்கும் என்பதால் குறுக்கே வலை கட்டினோம். ஓடை வற்றிக் கிடந்தது. நடுவிலிருந்த பாறையில் ஜிஷா ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கிலோமீட்டர் மேலே, எஸ்டேட் லயத்தை ஒட்டி, இன்னொரு வலைக்குக் காவலாக வன்னியராஜ். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். கட்டட வேலைக்கு வந்தவனை எட்டு மாதத்துக்கு முன்னால் வலை தூக்கச் சேர்த்துக்கொண்டேன். மலையாளம் ஒரு சொல் ஏறாது. இருவருக்கும் நடுவில் மேட்டின்மேல் நான் இருந்தேன். அங்கே போன் எடுக்காது. வாக்கி டாக்கியும் மேட்டைத் தாண்டி எட்டாது. மேலிருந்து வரும் சேதியை நான் வாங்கித்தான் கீழே சொல்ல வேண்டும்.

காலையில் பிரிந்து போகும்போது ஜிஷா அவனிடம், "உச்சைக்கு வரும்போள் வெள்ளம் கொண்டுவரணே, சேட்டா" என்றாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"குடிக்கத் தண்ணி கேக்கறா" என்றேன்.

"தண்ணி வெள்ளம்னா, நெசமாவே வெள்ளம் வந்தா என்னன்னு சார் சொல்லுவாங்க?"

"மலவெள்ளம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். இது உங்கள் அறிக்கையில் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மத்தியானம் அவன் தண்ணீர் கொண்டுவரவில்லை. மேலே மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"சார், மேல வெள்ளம் வருது சார். மரத்த எல்லாம் பேத்துக்கிட்டு வருது. புள்ளைய கரைக்கு ஏறச் சொல்லுங்க."

அந்தத் தண்ணீர் ஜிஷா இருந்த இடத்துக்கு வர எட்டு நிமிஷம் ஆகும். பாறையிலிருந்து கரைக்கு ஏற ஒரு நிமிஷம் போதும். நான் பட்டனை அழுத்தி, "ஜிஷா, வெள்ளம் வருன்னுண்டு" என்றேன்.

இதை முதல் நாளே உங்களிடம் சொன்னேன். ஓர் எழுத்தையும் மறைக்கவில்லை. மலையாளிக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். காலையில் கேட்ட குடிதண்ணீர் வருகிறது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். மேலிருந்து அடித்துக்கொண்டு வருவதைச் சொல்ல மலவெள்ளம் என்று சொல்ல வேண்டும். 'மல' என்கிற இரண்டு எழுத்து விடுபட்டது. பாவம் தமிழன், பதற்றத்தில் தன் பாஷையைப் பேசிவிட்டான் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். மரபணுவில் இரண்டு எழுத்து விடுபட்டால் என்ன ஆகும் என்று பாடம் நடத்தியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். தெரியாமல் விடுவேனா என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் வீட்டில் என் மனைவி நாகலக்ஷ்மி வந்து, "ஏன்னா, அந்தப் பொண்ணோட அம்மா வந்திருக்கா. நீங்களே வந்து பேசுங்கோ, எனக்கு அவ மொகத்தப் பார்க்க முடியலை" என்றாள். கூடத்துக்குப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரினு பாஷ அறியாஞ்ஞிட்டல்லே. சார் விஷமிக்கண்டா" என்றார். பாஷை தெரியாமல்தானே ஆயிற்று, வருத்தப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அதையே உடைந்த தமிழில், குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார். "நீங்க... வருத்தம்... வேண்டாம்." நாற்பது வருஷத்தில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. இங்கே வருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இனி உங்கள் அறிக்கையில் இல்லாததைச் சொல்கிறேன். வெள்ளம் வருகிறது என்றதும் ஜிஷா, "ஆ, நல்ல தாகம்" என்றாள். மேட்டிலிருந்து அவள் எனக்குத் தெரிந்தாள். காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு, "ஞான் இவிடெத் தன்னெ நிக்கணோ, கேறி வரணோ, சாரே?" என்று கேட்டாள். அங்கேயே நிற்பதா, மேலே ஏறி வருவதா என்று. நான் பதில் சொன்னேன். வன்னியராஜ் திரும்பக் கூப்பிட்டு, "ஏறிட்டாளா சார்?" என்றான். "ஏறிட்டா" என்றேன்.

எல்லாம் அடங்கிய பின் கீழே இறங்கினேன். அன்றைக்குப் பிடித்த ஆறு சிரிப்பான்களும் கரையோரக் கிளையில் துணிப்பைகளில் தொங்கின. பைகளை அவிழ்த்து ஆறையும் பறக்கவிட்டேன். அடைத்து வைத்த பறவையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அவள் எழுதிய கட்டுரை என் மேஜையில் இருக்கிறது. வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் அது எங்கேயும் போகாது.

ஏழாம் பக்கத்தை அடித்துவிட்டு, நான் அவளுக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "அவிடெத் தன்னெ நின்னோளூ, மோளே." அங்கேயே நில், மகளே என்று அர்த்தம். எந்த மலையாள வாத்தியாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், மேடம். அதில் ஒரு பிழையும் கிடையாது.