பத்துக்குப் பத்து மார்க்

கிளிஞ்சல்மேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"அம்மாவப் பாத்துக்க வீட்டுக்கு வர்ற நர்ஸ் எப்படின்னு அவள அனுப்புற கம்பெனியிலேருந்து போன்ல கேட்டாங்கக்கா. பத்துக்குப் பத்து மார்க் போட்டுட்டு, ஆள மாத்துங்கன்னுட்டேன்."

"நல்லாப் பாக்குற பொண்ண ஏன்டி மாத்துன?"

"நான் சோறு ஊட்டுனா அம்மா வாயத் தொறக்கமாட்டாங்க. அவ ஊட்டுனா சிரிச்சுக்கிட்டே சாப்புடுவாங்க. பெத்த பொண்ணு நான் பக்கத்துலயே நிக்கிறேன். வயிறு எரிஞ்சுதுக்கா."

"இப்ப என்னாச்சு?"

"புது ஆளு வந்து ரெண்டு நாளாச்சு. அம்மா வெறும் கஞ்சித்தண்ணியோட கெடக்குறாங்க. அதான் பழைய பொண்ணு வீட்டுக்கே போறேன்."

"அம்மா உன்னத் தேடுறாங்கன்னு சொல்லு, ஓடிவந்துரும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத மட்டும் என் வாயால சொல்ல வரமாட்டேங்குதுக்கா" என்றார்.