நாய்க்கால் பதிஞ்ச ஓடு

அந்த நாற்காலி வேணாம் டாக்டரம்மா, அது பூனையோடது, கோட்டெல்லாம் முடியாயிடும். இதுல உக்காருங்க. பூட்ஸக் கழட்டாதீங்க, இந்தத் தரை பாக்காத சேறா? பெட்டிய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க, மேசமேல வைங்க, யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க. காரா? அந்தக் கேட்டுப் பள்ளத்துல எறங்குன காரு எதுவும் தானா ஏறுனதில்ல. பக்கத்துப் பண்ணை காலின் வந்து ட்ராக்டர்ல கயிறு கட்டி இழுத்தாத்தான் உண்டு. வருவான், வருவான். மாடு கறக்குற நேரம் இது. சர்க்கரை எத்தன?

ஆமா, மூணு வருஷமாச்சு. கோடை வந்தா உங்க ஆளுங்களும் வந்துடுவாங்க. இருபது பேரு முட்டிக்கு மெத்தை போட்டு மண்டிபோட்டு, பின்பக்கத்த வானத்துக்குக் காட்டிக்கிட்டு, ஒரு சின்னக் கரண்டியால மண்ணைச் சொரண்டுவாங்க. நாளு பூரா சொரண்டி ஒரு பக்கெட்டு மண்ணு. எங்க பன்னி ஒண்ண அவுத்து விட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள வேலைய முடிச்சிருக்கும். பதினொரு மணிக்கு டீ, மூணரைக்கு டீ, மழை வந்தா டீ. ரோமாபுரிக்காரன் இவ்வளவு டீ குடிச்சிருந்தான்னா எங்க வயலுக்கடியில கெடக்குற அந்த வீட்டக் கட்டியே முடிச்சிருக்க மாட்டான்.

சிரிங்க சிரிங்க, நீங்க அவங்களோட சேந்தவங்க இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க எலும்பு டாக்டரு, வந்தீங்களா, பெட்டிய எடுத்தீங்களா, போனீங்களான்னு இருக்கவங்க. புரொபசர் கிராண்ட்லி இருக்காரே, அந்தத் தொப்பிக்காரரு, அவருக்குத்தான் பேச்சு அதிகம். மொத வருஷம் என்ன சொன்னாரு? பூவேலை செஞ்ச தரை வரும், மீன் படம் இருக்கும், தேவதை படம் இருக்கும்னாரு. என்ன வந்துச்சு? சாக்கடை. ரொம்ப முக்கியமான சாக்கடையாம்.

என்னன்னு தெரியாத சாமான் எது கெடச்சாலும் அவருக்கு அது பூசைச் சாமான். போன வருஷம் ஒரு துருப்பிடிச்ச இரும்ப, பஞ்சு மெத்தை போட்டுப் படுக்க வச்சு, பூசைச் சாமான்னு சீட்டு ஒட்டி வச்சிருந்தாரு. நான் எட்டிப் பாத்தா, எங்க பன்னிக்கொட்டாய்க் கதவு கீலு! லெஸ்லி, எங்க வீட்டுக்காரரு, எழுபத்தாறுல கழட்டிக் கடாசுனது. சொன்னேன். மனுஷன் காதெல்லாம் செவந்து போச்சு. அப்புறம் என்ன பண்ணாருங்கறீங்க? சீட்ட மாத்தி, பயன் உறுதியாகத் தெரியவில்லைன்னு எழுதிட்டாரு. என் பேச்ச எழுத மாட்டாராம்.

அம்பத்தேழு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன் நான். மூணு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, வெளிக்குழாயில தண்ணி பிடிச்சுக்கலாமாங்கறதுதான்.

பிஸ்கட் எடுத்துக்குங்க. அந்தப் பெட்டியில... எல்லாம் இருக்கா? சின்ன எலும்பு கூடவா? விரல் எலும்பெல்லாம்? அரிசி மாதிரி இருக்குமா. ம். நல்லா பதமாத்தான் வச்சிருக்கீங்க. எத்தன மாசம்னு சொன்னீங்க? ஆறா? தொட எலும்ப அளந்தே சொல்லிட்டீங்களா. புரொபசர் பொறந்த கொழந்தைன்னுதான் ஊருக்கெல்லாம் சொன்னாரு. நீங்க சொல்றதுதான் சரி. இல்ல, சும்மா சொன்னேன், நீங்க படிச்சவங்கல்ல.

புரொபசர் அரைக்கணும்னாரே, நெசமாவா? எலும்ப வெட்டி, பொடி பண்ணி, எந்தக் காலத்துதுன்னு பாக்கவா? அந்தத் துண்டு அப்புறம் திரும்பக் கெடைக்காதா? கெடைக்காது. சரி. ஒரு கேள்வி கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பையனா பொண்ணான்னு தெரியுமா? பாத்தா தெரியாதா. அதுக்கும் அரைக்கணுமா? காதுக்குள்ள இருக்குற எலும்பா. ஓ.

போன மாசம் ஊர்க்காரங்களுக்கெல்லாம் தொறந்து காட்டுனாங்கல்ல, நானும் போனேன். என் வயலுக்கு நானே வரிசையில நின்னு போனேன். கயிறு கட்டி, இந்த எலும்பு கெடச்ச குழிய நடுவுல வச்சு, புரொபசர் குச்சியால காட்டிக் காட்டிப் பேசறாரு. அந்த ரோமாபுரி ஜனங்களுக்குச் சின்னக் கொழந்தைன்னா மனுஷக் கணக்குலயே சேத்தி கெடையாதாம். செவுத்தோரமா ஒரு குழி, கையில கெடச்ச ஓட்ட எடுத்து மேல கவுத்துட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்களாம். துக்கம் கிக்கம்லாம் இருந்திருக்காதாம். பேக்கரிக்காரி தலைய ஆட்டுறா. பாதிரியார் ஆட்டுறாரு. எனக்கு அந்தக் குச்சியப் புடுங்கி அவரு தொப்பியத் தட்டிவிடணும் போல இருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எவ அழுதா, எவ அழலன்னு இவரு பக்கத்துல நின்னு பாத்தாராமா?

அதவிட ஒண்ணு சொன்னாரு. அந்தக் குழி இருக்குற மூலையில மட்டும் செவுரு மூணு வரிசைக் கல்லு அப்படியே நிக்குதாம், மத்த எடமெல்லாம் கலப்பை போயி நாசமாயிடுச்சாம், இது அதிர்ஷ்டமாம். அதிர்ஷ்டம்! லெஸ்லி நாப்பது வருஷம் அந்த மூலைக்கு வந்தா கலப்பையத் தூக்கிடுவாரு. தூக்கி, சுத்தி, அந்தப் பக்கம் போயி எறக்குவாரு. இந்த ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். ஏங்க, அந்த எடத்த ஏன் விடறீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். கல்லு இருக்குன்னாரு. அந்த வயலு பூராவே கல்லுதாம்மா. பேரே கல்வயல். மத்த எடத்துல கல்லுல மோதி ஆறு கலப்பைக் கொழு ஒடச்ச மனுஷன், அந்த ஒரு மூலையில மட்டும் கல்லப் பாத்துப் பயந்தாராம். நான் அப்புறம் கேக்கல.

அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு. பேசவே மாட்டாரு. கல்யாணத்தன்னிக்கே பாதிரியார் ரெண்டு தடவ கேட்டப்புறம்தான் வாயத் தொறந்தாரு.

அந்த ஓடு பெட்டியில இருக்கா? எடுங்களேன், பாப்போம். உடைச்சிட மாட்டேன், கை கழுவிட்டுத்தான் வந்தேன். இதோ பாருங்க, நாய்க்கால். ஓடு காயறதுக்குள்ள ஏதோ நாய் மிதிச்சிட்டுப் போயிருக்கு. நாலு விரலும் தெளிவா இருக்கு. ஓரத்துல இந்தச் சில்லு பேந்திருக்கு பாருங்க, இது ரோமாபுரிக்காரன் பேத்ததில்ல. நான் பேத்தது. வெள்ளிக்கிழமை ஜன்னல் தொடைக்கறப்ப கீழ போட்டுட்டேன்.

ஆமா. இந்த ஜன்னலத்தான் சொல்றேன்.

கலப்பையில வந்துச்சு, கல்யாணமான வருஷம். லெஸ்லி கழுவிக் கொண்டாந்து குடுத்தாரு. மத்தவன் பூ வாங்கிக் குடுப்பான், எங்காளு நாய் மிதிச்ச ஓடு குடுத்தாரு. நான் அதுல சோப்பு வச்சிருந்தேன். எனக்கு அதுமேல அவ்வளவு ஆசை. ரெண்டு வருஷம் இங்கதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நா நான் மாடியில படுக்கையில கெடந்தேன், நாலு நாள் கழிச்சு எறங்கி வந்தா சோப்பு வெறும் ஜன்னல் திட்டுமேல கெடக்கு, ஓட்டக் காணோம். அவருகிட்ட ஓடு எங்கன்னு கேட்டிருக்கலாம். கேட்டா மத்ததையும் கேக்கணும். மாடியிலருந்து துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனத எங்க வச்சீங்கன்னு கேக்கணும். அவருக்குச் சொல்ல வராது, எனக்குக் கேக்க வரல. அப்படியே போயிடுச்சு.

அப்பல்லாம் ஏழு மாசம் நெறையலன்னா பதிவுச் சீட்டு கெடையாது, பேரு கெடையாது, சர்ச்சுல எடம் கெடையாது. நர்சு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் மொகத்தக்கூடப் பாக்கல. பாக்க வேணாம்னாங்க.

கையில கெடச்ச ஓடாம்! வீட்டுல எனக்குப் பிடிச்சது எதுன்னு தேடி எடுத்துட்டுப் போயிருக்காரும்மா அந்த வாயில்லாத மனுஷன்.

அழாதீங்க கண்ணு, நீங்க அழுதா எனக்கும் வரும், அப்புறம் டீ ஆறிப்போயிடும். போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லிக்குங்க, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. புரொபசருக்கும் சொல்லுங்க. எந்தக் காலத்துதுன்னு பாக்கறதுக்கு மட்டும் அரைக்காதீங்க. அத நானே சொல்றேன், எழுதிக்குங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. மார்ச்சு பன்னெண்டு. செவ்வாக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி, மழை.

காலினா? அவன் வர மாட்டான், நான் கூப்பிடவே இல்ல. எங்க ட்ராக்டரே வெளிய கொட்டாய்லதான் நிக்குது, சாவி என் ஏப்ரன் பையில இருக்கு. காரை நானே இழுத்துவிடறேன், இப்பவே கூட. பெட்டியக்கூட எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுவேன்னு நீங்க சொன்னா. ஓடு இங்க இருக்கட்டும்.

அந்தக் காதெலும்பு சொன்னீங்களே, பையனா பொண்ணான்னு பாக்கறதுக்கு... அதுக்கு எவ்வளவு வேணும்? கடுகளவுன்னா, எடுத்துக்குங்க.