றோக்கோவுக்கும் மந்தரினாவுக்கும் குளிர்காலம்

— பதினேழு அண்ணா. காலமையும் பதினேழு, இப்பவும் பதினேழு. இன்னொருக்கால் கேட்டியளெண்டா அந்தத் தெர்மோமீட்டரைப் பல்கனியாலை எறிஞ்சு போடுவன்.

— கோவிக்காதை சாம்பவி. பங்குனி முடியப்போகுது. பலெர்மோவிலை இப்ப வெயில் ஏறியிருக்கும். பெட்டி சூடானா சிறுத்தைப் பல்லியள் ரெண்டும் முழிச்சிடும், விளங்குதோ? முழிச்சா றோக்கோ சும்மா இருக்க மாட்டான்.

— இருக்கவேண்டாமே! சேரட்டுமே! அதுக்குத்தானே அதுகளை வாங்கினது?

— நான் வந்து சேர்த்து விடுறன். மந்தரினாவுக்கு இதுதான் முதல் தரம். கடிச்சுப் போடுவான். பக்கத்திலை நிண்டு பாக்கோணும்.

— இதைத் தை மாசமும் சொன்னியள். குளிரிலை நித்திரை கொண்டு எழும்பினாத்தான் சேருமெண்டு, மார்கழி முதலாந் திகதி குளிரிலை வை, சாப்பாடு குடுக்காதை, தண்ணி மட்டும் வை, எட்டுக் கிழமையிலை யசிந்தன் அண்ணா வந்து நிப்பன் எண்டியள். எட்டு பத்தாச்சு. பத்து பன்னிரண்டாச்சு. இண்டைக்குப் பாகையும் பதினேழு, கிழமையும் பதினேழு. பஸ்தா அண்ணா. போதும், காணும்.

— நான் என்ன வேணுமெண்டே...

— சிரொக்கோக் காத்து அடிச்ச கிழமை என்ன பாடுபட்டனான் தெரியுமோ? வீடு முழுக்கச் சூடு. நாலு நாள் பல்லரோச் சந்தையிலை மீன்காரனிட்டைப் போய் ஐஸ் கேட்டு நிண்டனான். என்ன மீனுக்குப் பிள்ளை எண்டு கேக்கிறான். பல்லிக்கு எண்டு சொன்னா விசரி எண்டெல்லோ நினைப்பான்? கணவாய்க்கு எண்டு சொன்னன். உடனை கணவாய் எப்பிடிச் சமைக்கிறனான் எண்டு கேக்கத் தொடங்கீட்டான்.

— எலோடி உதவி செய்யிறவளெல்லே?

— எலோடியோ? அவள் இந்த வீட்டிலை அரைவாசி வாடகை குடுக்கிறவள் அண்ணா. மொரீசியஸ் பிள்ளை, குளிரெண்டாலே நடுங்குவாள். உங்கடை பல்லியளுக்காகக் குளியலறை ஜன்னலைத் திறந்து வைச்சதாலை, மார்கழி முழுக்கக் கம்பளிச் சட்டையோடை குளிக்கப் போனவள்.

— அவளிட்டை நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லு.

— நீங்களே சொல்லுங்கோ. வந்து சொல்லுங்கோ. அப்பாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடை ஏறியிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திராது. அங்கை ஊரிலை நிண்டு நிண்டு வதிவிடப் பெர்மெஸோவை முடியவிட்டது ஆர்? இப்ப திரும்பி வாறதுக்கு ஒரு விசா, அதுக்கு ஒரு காத்திருப்பு.

— அம்மாவை அந்தக் கோலத்திலை விட்டிட்டு எப்பிடியடி வாறது?

— அம்மாவைக் குறையாச் சொல்லேல்லை. உங்கடை முதலாளி நேற்றும் போன் எடுத்தவர். மொண்டெல்லோக் கடற்கரையிலை கதிரை மேசை போடத் தொடங்கீட்டினமாம். யசிந்தன் மே மாசம் கிச்சினுக்கு வருவானோ, இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கட்டோ எண்டு கேட்டவர். வருவார், கட்டாயம் வருவார் எண்டு நான் சத்தியம் பண்ணாத குறை.

— சாம்பவி, பொறு. அதென்ன சத்தம்?

— என்ன சத்தம்? வீதியிலை மோட்டர்சைக்கிள் போகுது.

— மோட்டர்சைக்கிள் இல்லை. கிரீ கிரீ எண்டு கேக்குது. சில்வண்டெல்லோ அது?

— எலோடியின்ரை போனாக்கும்.

— எனக்குச் சில்வண்டுச் சத்தம் தெரியாதோ? ரெண்டு வருசம் அதுகளோடை ஒரே அறையிலை படுத்தனான். குளிரிலை கிடக்கிற பல்லி சாப்பிடாது. சாப்பிடாத பல்லிக்கு என்னத்துக்குச் சில்வண்டு வாங்கி வைச்சிருக்கிறாய்?

— சரி. ஏசுறதெண்டா ஏசுங்கோ. பெட்டி பதினேழிலை இல்லை. மாசி நடுவிலையே சூடு போட்டிட்டன்.

— அப்ப நீ ஒவ்வொரு நாளும் எனக்குச் சொன்ன பாகை?

— வாய்க்கு வந்தது. ஒருநாள் பதினாறு, ஒருநாள் பதினெட்டு. நீங்கள் நம்போணுமெண்டு மாத்தி மாத்திச் சொன்னனான்.

— ஏனடி?

— மந்தரினா ஐம்பத்தெட்டுக் கிராம் இருந்தவள், நாப்பத்தொன்பதுக்கு இறங்கீட்டாள். வால் வத்திப்போச்சு. கையிலை தூக்கினா கண்ணைத் திறக்கிறாளில்லை. பிராணிக் கடையிலை நிக்கிற மொனிகாவிட்டைக் காட்டினன். பத்துக் கிழமைக்கு மேலை ஆரடி குளிரிலை வைக்கச் சொன்னது, இனியும் வைச்சா செத்துப்போகும் எண்டு கடையிலை நிண்ட சனமெல்லாம் கேக்கக் கத்தினாள். என்ரை அண்ணா வருமட்டும் வைச்சிருக்கிறன் எண்டன். உன்ரை அண்ணாவுக்கு விசா வாற நேரம் பல்லிக்குத் தெரியுமோ எண்டு கேட்டாள். அண்டிரவே சூட்டைப் போட்டிட்டன்.

— சூட்டை ஒரேயடியாக் கூட்டினியோ?

— இல்லை. நாளுக்கு ஒரு பாகை. நீங்கள் எழுதி ஒட்டின கடதாசியிலை இருந்த மாதிரியே. பிறகு பத்து நாள் சுண்ணாம்புச் சத்துத் தூள் பிரட்டிச் சில்வண்டு குடுத்துத் தேத்தினன்.

— பிறகு?

— பிறகு... பங்குனி எட்டாந் திகதி, பெண்கள் தினம். நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோரா எனக்கு மிமோசாப் பூ தந்து அரைநாள் லீவும் தந்தவ. வீட்டை வந்தன். றோக்கோவைத் தூக்கி அவளின்ரை பெட்டிக்குள்ளை விட்டன். கடிச்சா விலக்கிவிடக் கையிலை தும்புத்தடியோடை பக்கத்திலை நிண்டனான். கழுத்திலை ஒரு கடிதான், காயமில்லை.

— சினை பிடிச்சிட்டுதோ?

— நேற்று அவளை வெளிச்சத்திலை தூக்கிப் பாத்தன். வயித்துத் தோலுக்குள்ளாலை ரெண்டு முட்டை தெரியுது. வெள்ளை வெளேரெண்டு.

— ரெண்டோ?

— ரெண்டு. ஏசுங்கோ இப்ப.

— நல்ல வேலை செய்தாய் பிள்ளை.

— என்ன?

— நல்ல வேலை செய்தாய் எண்டு சொன்னன். அதுகள் எனக்காண்டிக் காத்துக் கிடக்கேல்லை. அதுவே பெரிய நிம்மதி.

— உங்களுக்கு என்ன நடந்தது? காய்ச்சலோ? நான் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தனான். நீங்கள் நிம்மதி எண்டுறியள்!

— சொல்லுறதைக் கேள். முட்டை இட்டாப்பிறகு உருட்டாதை. எந்தப் பக்கம் மேலை கிடக்குதோ, அதிலை பென்சிலாலை ஒரு புள்ளி போடு. அந்தப் பக்கம் மேலையே இருக்கோணும். ஈரம் காய விடாதை. ரெண்டு மாசத்திலை குஞ்சு வரும். முதல் நாள் சாப்பிடாது, பயப்பிடாதை. எழுதுறியோ?

— நான் ஏன் எழுதோணும்? குஞ்சு வாறது வைகாசி கடைசியிலை. அதுக்கு முன்னம் நீங்கள் வந்திடுவியள்தானே?

— எழுதி வை பிள்ளை.

— அண்ணா, அம்மாவுக்கு ஏதும்...?

— அம்மா சுகம். விடிய எழும்பினா முதல் குனிஞ்சு, கட்டிலுக்குக் கீழை என்ரை பை கிடக்குதோ எண்டு பாப்பா. கிடந்தாத்தான் தேத்தண்ணி போடப் போவா. நான் நித்திரை மாதிரிக் கிடந்து பாத்துக்கொண்டிருப்பன். ஒவ்வொரு நாளும் இதுதான்.

— சரி, பாவம்தான். விசா வந்தாப்பிறகு ஆறுதலா அவவோடை கதைச்சு விளங்கப்படுத்துவம். நானும் போனிலை கதைக்கிறன். முதல் அந்த விசா வரட்டும்.

— விசா மாசி பன்னிரண்டாந் திகதியே வந்திட்டுது, சாம்பவி.