ஓடைப் பாதையை அடைத்தவன்

ஓடுகிறோம். முன்னால் என் தம்பி கரியான். பின்னால் என் வீட்டுக்காரர் வெள்ளையன். இரண்டு பேர் தோளிலும் மூங்கில். நடுவே போர்வைத் தூளி. அதற்குள் என் மகள் பாவாயி. ஏழு வயது. நான் தூளியைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடுகிறேன். போர்வை நனைந்து சொட்டுகிறது. விடிகாலையிலிருந்து வாந்தி, பேதி. காலரா. கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனி சுருங்கிவிட்டது. தண்ணீர் கேட்கக்கூட அவளுக்குக் குரல் இல்லை.

கல் விழுகிறது. முதல் கல் மூங்கிலில் பட்டு டொக் என்கிறது. இரண்டாவது பாறையில் தெறிக்கிறது. கீழே தப்பட்டை அடிக்கிறார்கள். விடாமல் அடிக்கிறார்கள்.

"நில்லு! கீழ எறங்காதே! ஓடைத் தடமும் கட்டியாச்சு!"

ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை. உச்சிப்பொழுது. சீனாக்காரனோடு சண்டை நடந்த வருசம். அந்தச் சண்டை எங்கோ பனிமலையில் நடந்தது. சேந்தமங்கலத்து டீக்கடை ரேடியோவில் கேட்டோம். எங்கள் சனம் செத்தது இங்கே, கொல்லிமலையில். அதை எந்த ரேடியோவும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. காலரா வந்தால் ஊர் எல்லையில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைப்போம். வேப்பிலை கட்டுவோம். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. அதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊரும் கட்டியிருக்கிறது. ஆனால் எல்லை கட்டினாலும், ஊருக்கு வெளியே ஓடையை ஒட்டி ஒரு தடத்தை விட்டுவைப்போம். நோயாளியைத் தூக்கிப் போகிறவர்களுக்கு அந்தத் தடம். அதை எந்தக் காலத்திலும் யாரும் அடைத்ததில்லை. அன்றைக்கு ஆலமேட்டுக்காரர்கள் அடைத்திருந்தார்கள். ஆலமேடு பாதி வழியில் இருக்கிற ஊர். அதைத் தாண்டாமல் அடிவாரத்துக்கு இறங்க முடியாது. அப்போது ரோடு கிடையாது.

அடிவாரத்தில்தான் தர்ம ஆஸ்பத்திரி. தகரக் கூரை. ஒரு டாக்டரம்மா. இரண்டு நர்சு. பாவாயியை நான் அங்கேதான் பெற்றேன். கையில் இருப்பதைக் கொடுத்தால் போதும். ஒரு படி சாமை. ஒரு பலாப்பழம். அதுவும் இல்லாதவர்கள் தோள் கொடுக்கவேண்டும். அதாவது, அடுத்து உங்கள் பக்கத்தில் யாருக்காவது முடியாமல் போனால் தூளியை நீங்கள் தூக்கவேண்டும். ஒரு தடவை தூக்கினால் தீர்ந்தது. அப்படித்தான் மலை முழுக்க ஆள் கிடைத்தது. யாரும் யாரையும் கெஞ்சவில்லை. கரியானைக் கரடி கடித்தபோது அந்த அம்மா அவன் காலை எடுக்காமல் காப்பாற்றினார். அவன் தன் முறை முடிந்த பிறகும் தூக்கிக்கொண்டே இருந்தான். கிறுக்கன். எங்கே தூளி கட்டினாலும் முதலில் போய் நிற்பான்.

அதற்கு முன்னால் எங்களுக்கு வைத்தியம் என்றால் ஊசி மாரப்பன். அடிவாரத்துக்காரன். எங்கே படித்தான் என்று யாருக்கும் தெரியாது. தோல் பையோடு சந்தைக்கு மலையேறுவான். காய்ச்சலா, ஊசி. வயிற்றுவலியா, அதே ஊசி. கூலியாக மிளகை வாரிக்கொண்டு இறங்குவான். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டு டாக்டருங்க என்று கூப்பிட்டோம். ஆஸ்பத்திரி வந்த பிறகு அவன் பை இளைத்தது. சந்தையில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

சண்டை வந்தது. காலராவும் வந்தது. அவனுக்கு வாய் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பாட்டில் தொங்குகிறதே பார்த்தீர்களா என்று ஊர் ஊராகக் கேட்டான். குழாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சிப் பட்டாளத்துக்கு அனுப்புகிறார்கள் என்றான். தூளியில் போகிறவன் திரும்பமாட்டான், தூக்கிப் போகிறவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் என்றான். முழுப் பொய் என்றால் பிடித்திருப்போம். பாட்டில் நிஜம். குழாய் நிஜம். ரத்தம் கொடுங்கள் என்று ரேடியோ சொன்னதும் நிஜம். அந்தப் பாட்டிலில் இருந்தது உப்புத்தண்ணீர். அது உடம்புக்குள் இறங்குகிறது, உடம்பிலிருந்து எதுவும் ஏறவில்லை. இதை யார் எடுத்துச் சொல்வது? ஆலமேட்டு ஊர்க்கவுண்டர் நம்பினார். ஓடைத் தடத்தில் முள் விழுந்தது. முள்ளின் மேல் கல். கல்லின் பின்னால் ஆள்.

முள்ளுக்கு முன்னால் வந்துவிட்டோம். கரியான் நிற்கவில்லை. ஒரு கையால் முள்ளை இழுக்கிறான். கை கிழிகிறது. "எங்கக்கா புள்ளைங்க! வழி உடுங்க!" என்று கத்துகிறான்.

"ரத்த யாவாரி! கமிஷன்காரா!"

கல். அவன் நெற்றியில். அந்தச் சத்தத்தை நான் சொல்லமாட்டேன். அவன் முழங்காலில் விழுந்தான். விழும்போதும் மூங்கிலை விடவில்லை. தூளியை மெல்லத் தரையில் இறக்கிவிட்டுத்தான் சாய்ந்தான்.

நான் முள்ளுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டேன். என்னை வேண்டுமானால் கட்டிப் போடுங்கள், பிள்ளையை மட்டும் விடுங்கள் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு அவர்களைத் தெரியும். இரண்டு பேர் என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். கீழே, மரங்களுக்கு நடுவே, ஆஸ்பத்திரித் தகரம் வெயிலில் மின்னியது. தெரிந்தது. கூப்பிடு தூரமில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

பொழுது சாய்வதற்குள் பாவாயி போய்விட்டாள். என் மடியில். முள்ளுக்கு முன்னால். வெள்ளையன் ஒரு தோளில் மகளையும் மறு கையில் கரியானையும் தாங்கி மலையேறினார். கரியான் ஞாயிற்றுக்கிழமை செத்தான். கடைசிவரை யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அழுதேன் என்று சொன்னால் பொய். வயிறு எரிந்தது. மாரப்பன் நாசமாகப் போகவேண்டும், அதை நான் பார்க்கவேண்டும். சாப்பிடும்போது அதுதான். படுக்கும்போது அதுதான். அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் கீழே இறங்கவில்லை. பயம். வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்தார்கள்.

கார்த்திகை பிறந்தது. மாரப்பன் எங்கள் ஊருக்கு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பயந்தவர்கள் எல்லோரும் கை நீட்டினார்கள், ஊசி போட்டான். ஓடைத் தண்ணீரைக் குடித்தான். மறுநாள் சாவடியில் சுருண்டு கிடந்தான். அதே வாந்தி. அதே பேதி. தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டான். ஒன்றும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லி எங்கள் ஆட்கள் காலைப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்கு! அவன் வாயால்!

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நீ சொன்னால் தூக்குகிறோம், இல்லாவிட்டால் கிடக்கட்டும் என்றார் வெள்ளையன். கிடக்கட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அவன் உதடு வெடித்திருந்தது. பாவாயியின் உதடு போலவே. எனக்கு இரக்கம் வரவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. இவன் இங்கே செத்தால் அந்தப் பொய் சாகாது. ஆலமேட்டில் முள் அப்படியே கிடக்கும். போனவன் உயிரோடு திரும்பி வருவதை அவர்கள் பார்க்கவேண்டும். பொய் சொன்ன வாயே அதைத் தின்னவேண்டும்.

"தூக்குங்க," என்றேன். "ஓடைத் தடத்துல வேண்டாம். ஊரு நடுவுல போங்க."

பட்டப்பகல். ஆலமேட்டு எல்லையில் தூளியை இறக்கினோம். கல்லோடு நின்றார்கள். நான் போர்வையை விலக்கினேன். உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் கைகள் தாழ்ந்தன. அன்றுவரை நான் அவனை மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

"சொல்லுடா," என்றேன்.

அவன் தண்ணீர் கேட்டான். சொன்னால்தான் தூளி நகரும் என்றேன்.

"ரத்தமெல்லாம் எடுக்கறதில்லீங்க," என்றான். "நான் சொன்னது பொய்யிங்க."

"எதுக்குச் சொன்னே?"

"யாவாரம் போயிருச்சுங்க."

கூட்டத்தில் ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். அவள் புருசன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து நான்கு நாளுக்கு முன்னால் செத்திருந்தான். ஊர்க்கவுண்டர் தானே குனிந்து முள்ளை இழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கும் பாட்டில் ஏற்றினார்கள். நர்சு அவன் வாயைத் துடைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைத்தான். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். மடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினான்.

"பணம் வாங்காதீங்கம்மா," என்றேன். "தோளு குடுக்கச் சொல்லுங்க."

டாக்டரம்மா சரி என்றார். ஒரு தடவை, அதுதான் முறை என்றார். நான் தலையாட்டினேன். மலையில் வேறு ஏற்பாடு செய்தேன். யாருக்காவது காலரா கண்டால் ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டோம். வயிற்றில் பிள்ளை திரும்பிக்கொண்டால் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அன்று சந்தையில் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வந்தான். முன் மூங்கில் எப்போதும் அவனுக்கு. கரியான் நின்ற இடம். தூளி அவன் முதுகில் கசியும். ஆலமேட்டு நடுத்தெருவில் மெல்ல நடக்கச் சொல்வேன். அவன் தோளில் காய்ப்பு விழுந்தது. தலை நரைத்தது. நான் விடவில்லை. பழி வேண்டாம் தாயி, போதும் என்று டாக்டரம்மா ஒருநாள் சொன்னார். அவர் நல்லவர். அவர் சொன்னதில் நான் கேட்காதது அது ஒன்றுதான்.

கடைசியில் படுக்கையில் விழுந்தபோது, அவனை மன்னித்துவிட்டதாக நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று மாரப்பன் தன் மகனை அனுப்பினான். பையனுக்கு மோர் கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். என் மகள் பாவாயி. என் தம்பி கரியான். எங்கள் ஊரில் பயந்து வீட்டுக்குள்ளேயே செத்தவர்கள் நான்கு பேர். பூசாரி வீட்டு மருமகள். அவள் கைக்குழந்தை. தேன் எடுக்கிற சடையன். கண் தெரியாத நல்லாயி. ஆலமேட்டில் ஐந்து பேர் என்றார்கள். அவர்கள் பெயரை ஆலமேட்டுக்காரர்கள் சொல்லட்டும், கல் எறிந்த கையால் எழுதட்டும். மாரப்பன் பிழைத்தான். அதையும் இந்த இழப்போடு சேர்த்தே எழுதுங்கள்.