தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

— மூணாவது பக்கம், ரெண்டாவது பத்தி. அதை மட்டும் இன்னொரு தடவை வாசி.

— நீதானே ப்ரூஃப் ரீடர். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சுட்டுப் போக வேண்டியதுதானே, பாப்பா. இருபது வருஷமா என் புத்தகத்துக்கெல்லாம் அப்படித்தானே செய்யற. இன்னிக்கு என்ன, காலங்காத்தால நேர்ல வந்து உக்காந்துக்கிட்டு?

— சுழிச்சா சரியாகற தப்பு இல்ல இது. வாசி அண்ணா.

— மதியம் அச்சுக்குப் போகுது. பதிப்பாளர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. மொத்தக் கதைகளும் ஒரே தொகுப்பா வருது, முன்னுரை மட்டும்தான் பாக்கி.

— அதனாலதான் காலையில வந்தேன்.

— சரி சரி. ‘என் கதைகள் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்று கேட்கிறார்கள். என் சிறு வயதில், வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் கடைசி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்கு ஒரு நோய் இருந்தது. அது அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.’ போதுமா?

— மேல.

— ‘அந்தத் தாழ்ப்பாள் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதன் முனை சற்று வளைந்திருக்கும். இடது கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தூக்கித் தள்ளினால்தான் போய் விழும்.’ நல்லாத்தானே இருக்கு? எழுத்துப்பிழை ஒண்ணும் காணோமே.

— எழுத்துப்பிழை இல்ல, பொருட்பிழை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்துச்சு?

— வெளிப்பக்கம்.

— அப்ப உள்ள இருக்கற பையனுக்கு அதோட முனை வளைஞ்சிருக்கறது எப்படித் தெரியும்?

— வெளிய விடறப்ப பாத்திருப்பான்.

— இடது கையால இழுத்துப் பிடிக்கணுங்கறது?

— படிக்கறவங்க யாரும் இந்த அளவுக்கு நோண்ட மாட்டாங்க, பாப்பா.

— நாலு வருஷம் அந்த ரூமுக்குள்ள இருந்தவ நான். எனக்கே அது உன் முன்னுரையைப் படிச்சுத்தான் தெரியும்.

— காபி போடட்டுமா?

— வேண்டாம். உக்காரு.

— பால் இருக்கு.

— உக்காரு அண்ணா. உள்ள இருந்தா என்ன தெரியும்னு சொல்லவா? கதவுக்கு அடியில ரெண்டு விரக்கடை சந்து. தரையில கன்னத்தை வச்சுப் படுத்தா வந்தவங்க கால் தெரியும். அப்பாவோட மேனேஜருக்கு ஒரு கால் உள்பக்கமா திரும்பியிருக்கும். எதிர்வீட்டு நர்ஸம்மா கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே பேசுவாங்க. அவங்க மூஞ்சி எப்படியிருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— இதையெல்லாம் நீ சொன்னதே இல்லையே.

— நீ கேட்டதே இல்லையே. சரி, அடுத்தது. உன் பதினோரு நாவல்லயும் ஒரு பூட்டின ரூம் வருது. பதினொண்ணுலயும் கதை சொல்றவன் உள்ளதான் இருக்கான். ஆனா தாழ்ப்பாளோட துரு, கனம், சில்லுனு இருக்கறது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒவ்வொரு தடவையும் நான்தான் மாத்தினேன். ‘பார்த்தான்’னு நீ எழுதினதை ‘கேட்டான்’னு ஆக்கினேன்.

— நீயா மாத்தின?

— அந்த வார இதழ்க்காரர் எழுதினாரே, ‘தாழ்ப்பாள் விழும் ஓசையை இப்படிக் கேட்டு எழுத, உள்ளே இருந்தவனால் மட்டுமே முடியும்’னு. அதை நீ கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்க. அவர் பாராட்டின வரி என் கையெழுத்துல போன வரி.

— ஏன் இத்தனை நாள் சொல்லல?

— நீ புத்தகம் வந்து மூணு மாசம் கழிச்சுத்தான் திறந்தே பாப்ப. அதுலயும் அட்டையைத்தான் பாப்ப. இன்னொண்ணும் மாத்தியிருக்கேன். உன் பேய் நாவல்ல ஒரே பக்கத்துல நாலு பேர் வெளிறிப் போவாங்க. வீட்டுல மொத்தமே அஞ்சு பேர்தான். மூணு பேரை விட்டுட்டு ஒருத்தனை மட்டும் வெளிற வைப்பேன்.

— இதுக்கு நான் சிரிக்கணுமா?

— சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வரல. கதையில நீ யாரை வேணா உள்ள போடு, அது உன் இஷ்டம். முன்னுரை கதை இல்லையே.

— அது ஆரம்பிச்சது எப்படின்னு உனக்குத் தெரியாது. ஒரு பேட்டியில கேட்டாங்க, அந்த ரூம்ல இருந்த குழந்தை நீங்கதானான்னு. நான் பதில் சொல்லல. அவ்வளவுதான். ‘அவர் பதில் சொல்லவில்லை. கண்கள் கலங்கியிருந்தன’ன்னு போட்டுட்டாங்க.

— கலங்கியிருந்துச்சா?

— ஜலதோஷம்.

— அடுத்த பேட்டியில?

— அடுத்த பேட்டியில நானே ஆமான்னு சொல்லிட்டேன்.

— அதோட போயிருந்தாக்கூட நான் வந்திருக்க மாட்டேன். கடைசிப் பக்கத்துல ஒரு கடிதம் சேத்திருக்க பாரு. அதையும் வாசி.

— அதை எதுக்கு?

— வாசி.

— ‘ஒரு வாசகி எழுதினார்: ஐயா, ஆறு வயதில் என்னையும் ஒரு ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். உங்கள் கதைகளைப் படித்த பிறகுதான் நான் தனியாள் இல்லை என்று தோன்றியது.’

— நீ போட்ட பதில்?

— ‘சகோதரி, எனக்குத் தெரியும். நானும் உள்ளே இருந்தவன்தான்.’

— இதுதான் அண்ணா. இதைப் படிச்சுட்டுப் பேனாவைக் கீழ வச்சுட்டேன். பேட்டிக்காரங்ககிட்ட பொய் சொன்ன, போகட்டும். நிஜமாவே உள்ள கிடந்த ஒரு பொண்ணுகிட்ட போய் இதைச் சொல்லியிருக்கியே.

— அவ அதுக்கப்புறம் ரெண்டு கடிதம் எழுதினா. பிரிக்கல. அந்த அலமாரியில கீழ் தட்டுல கிடக்கு.

— ஏன் பிரிக்கல?

— அதுலயும் நன்றின்னுதான் எழுதியிருப்பா. அதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் படிக்கறது?

— சரி. அப்ப மாத்து. ‘உள்ளே இருந்தது என் தங்கை’ன்னு போடு.

— உன் பேர் வெளிய வருமே. உன் வீட்டுல தெரியுமா?

— கல்யாணத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன். பதினஞ்சு வயசுல மாத்திரையில நின்ன வலிப்பு. அவருக்கு அது தலைவலி மாதிரி. எனக்கு என் பேரைப் பத்திக் கவலை இல்ல.

— அப்ப நான் யாருன்னு எழுதணும்? தாழ்ப்பாள் போட்டவன்னா?

— ஆமா. ஆனா அப்பா சொல்லித்தானே போட்ட? பதினோரு வயசுப் பையன். வாசல்ல மணி அடிச்சா ‘டேய், அவளைப் பாத்துக்கோ’ன்னு கத்துவாரு. பாத்துக்கோன்னா அந்த வீட்டுல அதுதான் அர்த்தம். நீயும் குழந்தைதான்னு படிக்கறவங்களுக்குப் புரியும்.

— புரியாது. ஏன்னா அது முழுசு இல்ல.

— என்ன முழுசு இல்ல?

— ஒரு தடவை அப்பா சொல்லாமலே போட்டேன்.

— எப்ப?

— மழை நாள். அப்பா அம்மா ஊர்ல இல்லையா, ஆஸ்பத்திரி போயிருந்தாங்களா, ஞாபகமில்ல. வீட்டுல நீயும் நானும்தான். பள்ளிக்கூடத்துலேர்ந்து நெட்டையனும் மூக்கனும் இன்னும் ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னாங்க. எனக்கு ஒரு வீடு இருக்கு, அதுக்கு நண்பர்கள் வந்திருக்காங்கன்னே பெருமையா இருந்துச்சு. நீ அவங்க முன்னாடி விழுந்துட்டா? மறுநாள் வகுப்பு முழுக்க என்னைப் பாத்துக் கையைக் காலை உதறிக் காட்டுவாங்க. நீ பென்சில் சீவிக்கிட்டு இருந்த. ‘பாப்பா, கொஞ்ச நேரம் உள்ள இரு’ன்னேன். நீ எதுவுமே கேக்காம எழுந்து போன.

— ம்.

— போட்டேன். இடது கை, வலது கை. கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து சத்தம். தொம், தொம்னு. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். உனக்கு இழுக்கறப்ப குதிகால் கதவுல இடிக்கும். நெட்டையன் கேட்டான், உள்ள என்னடான்னு.

— நீ என்ன சொன்ன?

— பேய்னு சொன்னேன்.

— ம்.

— வாயில வந்தது அதுதான். ‘முன்னாடி இந்த வீட்டுக்கு வந்த தபால்காரன்டா. உள்ள மாட்டிக்கிட்டு செத்துப் போயிட்டான். அவன் பையில இன்னும் ஒரு கடிதம் பாக்கி. யாரு கதவைத் திறக்கறாங்களோ அவங்க பேருக்கு வந்த கடிதம் அது.’ நாலு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டிக்கிட்டானுங்க. அது வரைக்கும் என்னை எவனும் அப்படிப் பாத்ததில்ல, பாப்பா. வாயைப் பொளந்துக்கிட்டு, அடுத்தது என்னடான்னு.

— அதுதான் உன் முதல் கதை.

— அதுதான். பேட்டியில எல்லாம் வேற எதையோ முதல் கதைன்னு சொல்லுவேன். இது இல்லாம நான் இல்ல. ஆனா இதோட அசிங்கம் என்னன்னா, பயத்துல சொன்னேன், சரி. நடுவுல நிறுத்தியிருக்கலாம். கொட்டற மழையில அவனுங்களைத் தொரத்திட்டுக் கதவைத் திறந்திருக்கலாம். நீ அங்க துடிச்சுக்கிட்டு இருக்கன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். ஏன் தெரியுமா?

— சொல்லு.

— கதை நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு.

— மேல சொல்லு.

— அந்தச் சத்தமும் அதுக்கேத்த மாதிரியே வந்துச்சு. ‘அவன் இப்ப கேட்டுக்கிட்டு இருக்கான்’னு நான் சொன்னா, தொம்முனு ஒண்ணு. மூக்கன் அழுதுட்டான். முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். மழை விட்டு அவனுங்க போனப்புறம் திறந்தா, நீ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்த. கூப்பிட்டேன், நீ பேசல. செத்துட்டன்னு நினைச்சேன்.

— அதுக்கப்புறம் நீ தாழ்ப்பாள் போடல.

— திருப்புளி எடுத்துக் கழட்டிச் சாக்கடையில போட்டேன். அப்பா பின்னிட்டாரு.

— புதுசு வாங்கிட்டு வந்தாரு. நீ அந்த ரூம் வாசல்ல உக்காந்துட்டு, ‘அவளைப் பூட்டினா என்னையும் சேத்துப் பூட்டு’ன்னு சொன்ன. அடி விழ விழ அதையே சொன்ன. அதோட அது நின்னுச்சு. நான் அதை மறக்கல.

— அதைச் சொல்லி என்னைத் தேத்தாத. இரு, போன் அடிக்குது. அவர்தான். ஆங், சொல்லுங்க சார். இல்ல, ஒரு பக்கம் மாத்தறோம். பெருசா இல்ல... இல்ல, பெருசுதான். பன்னண்டு மணிக்கு அனுப்பிடறேன். தங்கச்சி இங்கதான் இருக்கா, அவளே கொண்டு வந்துடுவா. சரி சார்.

— பேனா இந்தா.

— நீ எழுது. நான் சொல்றேன். ‘மேலே எழுதப்பட்டிருப்பது பொய்.’

— அந்த வரியே வேண்டாம். மேல உள்ளதை அடிச்சுட்டா மேலன்னு ஒண்ணு இருக்காது. நேரா ஆரம்பி.

— ‘நான் உள்ளே இருந்தவன் அல்ல. வெளியே நின்று தாழ்ப்பாள் போட்டவன். எனக்குக் கடிதம் எழுதிய சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ எழுதிட்டியா?

— சகோதரியை எடுத்துடு. ‘எழுதிய பெண்ணிடம்’ போதும். அடுத்தது.

— ‘ஒரு மழை நாளில், யாரும் சொல்லாமலே, என் நண்பர்களின் கண்ணில் படாதிருக்க என் தங்கையைப் பூட்டினேன். உள்ளே அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என் எழுத்து முழுவதும் அந்த அரை மணி நேரத்திலிருந்து வந்தது.’ என்ன, நிறுத்திட்ட?

— நடுவுல ஒரு வாக்கியத்தை அடிக்கணும்.

— எதை?

— ‘உள்ளே அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது.’

— அது வெளிய தெரிய வேண்டாம்னா வேண்டாம். வேற மாதிரி எழுதிக்கலாம்.

— தெரியறதைப் பத்தி இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ திருப்புளியோட அழுதுக்கிட்டு நின்ன. சொல்லிட்டா மறுநாளே எல்லாம் பழையபடி ஆயிடும்னு பயந்தேன், எட்டு வயசுல அவ்வளவுதான் தோணுச்சு. அப்புறம் வளந்தோம், நீ எழுத ஆரம்பிச்ச. நீ எதை நினைச்சு எழுதறன்னு பதினோரு புத்தகத்துலயும் எனக்குத் தெரிஞ்சுது. இப்பச் சொன்னா எழுத்து நின்னு போயிடுமோன்னு பயந்தேன். நீ சுமக்கட்டும்னு விட்டுட்டேன்.

— என்னத்தைச் சொல்ற, பாப்பா?

— அன்னிக்கு எனக்கு வலிப்பே வரல, அண்ணா. நீ கதை சொல்லிக்கிட்டு இருந்த. எங்கெல்லாம் பயம் பத்தலையோ, அங்கெல்லாம் நான்தான் கதவைத் தட்டினேன்.